கரை வைத்த வால்

புதன்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றின் பின்பக்க மைதானத்தில், மூன்றடி இறக்கை கொண்ட ஒரு சின்ன விமானம் மண்ணில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. வால் மட்டும் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. அந்த வாலின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு அசல் ஜரிகைக் கரை வெயிலில் மின்னியது.

முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவன் முனிரத்தினம். அவன்தான் அதைக் கட்டியவன். இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை, தாமலில் வீடு, தினமும் சைக்கிளில் வந்து போவான். என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கு மாதிரி விமானம் கட்டித் தருவது அவன் வேலையில் சேர்ந்தது இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் உடைந்த ஒன்றை ஒட்டிக் கொடுக்கப் போய், அந்தப் பழக்கம் அவனைப் பிடித்துக்கொண்டது. அவன் அப்பாவுக்கு ஊரார் நிலத்தில் களை எடுத்தே கை காய்த்துப்போனது. பையனுக்கு வாய்த்ததோ பால்சா என்கிற லேசான கட்டையைப் பிளேடால் காகிதம்போலச் சீவுகிற கை.

இறக்கை தப்பித்தது. புரொப்பெல்லர் இரண்டு துண்டு. இன்ஜின் உடையவில்லை. அந்த இன்ஜின் ஒன்றுதான் கல்லூரியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் மாநிலப் போட்டி.

இந்த வகை விமானத்துக்கு ரேடியோ கிடையாது. பதினைந்து மீட்டர் நீளத்துக்கு இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள். அவற்றின் ஒரு முனை விமானத்தின் வயிற்றில், மறுமுனை ஓட்டுகிறவரின் கையில் இருக்கும் கைப்பிடியில். விமானம் வட்டமாகச் சுற்றும். ஓட்டுகிறவர் நடுவில் நின்று கூடவே சுழல வேண்டும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் மேல் கம்பி இழுபடும், கீழே சாய்த்தால் கீழ்க் கம்பி. வயிற்றுக்குள் இருக்கும் முக்கோணத் தகடு அந்த இழுப்பை வாலுக்குக் கொண்டுபோகும். வாலிறக்கையின் பின்விளிம்பில் கீல் வைத்த ஒரு மடல். அது மேலே மடிந்தால் மூக்கு ஏறும், கீழே மடிந்தால் இறங்கும். அவ்வளவுதான். இடம் வலம் திரும்புகிற கவலை கிடையாது. முழு விளையாட்டும் மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும்தான். அதனாலேயே, வால் என்ன நினைக்கிறது என்பது கம்பி வழியாக நேராகக் கைக்கு வந்து சேரும்.

அன்றைக்கு ஓட்டியவள் ஸிந்துஜா. சின்னக் காஞ்சிபுரத்துப் பெண், பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருஷம். பழைய விமானத்தை ஒரு வருஷமாக ஓட்டியவள்; தலைகீழாகக்கூட ஓட்டியிருக்கிறாள். புதியது கிளம்பிய மறு வினாடியே செங்குத்தாக ஏறியது. அவள் இறக்கப் பார்த்தாள்; தரையை நோக்கிப் பாய்ந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி ஏறியது. மூன்றாவது முறை பாயும்போது தரை குறுக்கே வந்துவிட்டது.

அவள் கைப்பிடியைக் கீழே வைக்காமலே வந்து முனிரத்தினத்திடம் சொன்னாள், "கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துதுண்ணா. நூலறுந்த பட்டத்தைப் பிடிச்சிண்டு நிக்கறாப்பல."

விமானப் பிரிவின் அதிகாரி முரளீதரன், இயற்பியல் விரிவுரையாளர், நல்ல மனிதர்தான். கத்தவில்லை. பரீட்சை வருகிறது, பதற்றம் இருக்கும், கை வெட்டி வெட்டி இழுக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பிரிவின் இன்னொரு மாணவன் ஸுதர்சன் ஓட்டட்டும் என்று மெல்லிய குரலில் சொன்னார். ஸிந்துஜா தலையாட்டினாள். கம்பியை ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். முனிரத்தினம் உடைந்த புரொப்பெல்லர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவள் கைதான் வெட்டியது என்று அவனும் நம்பினான். அவன் கட்டிய விமானத்தில் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

அந்த ஜரிகைக் கரை எப்படி வந்தது என்றும் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் வீரபத்திரன், முனிரத்தினத்தோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இறக்கைக்கும் வாலுக்கும் மேலே போர்த்த நல்ல மெல்லிய பட்டு வேண்டும். கட்டைச் சட்டத்தின்மேல் பட்டை இழுத்து ஒட்டி, டோப் என்கிற வார்னிஷைப் பூசினால், அது காய்ந்து மத்தளத் தோல்போல இறுகும். இதுவரை கடையில் கிடைத்த துணியை வாங்கிப் போர்த்துவான். இந்த முறை வீரபத்திரன், நான் எதற்கு இருக்கிறேன் என்று கேட்டு, தன் வீட்டிலேயே உட்கார்ந்து போர்த்திக் கொடுத்தான். இறக்கைக்கு வெறும் பட்டு. ஆனால் வாலுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

"ஓட்டப்போறது பொண்ணுன்ற. கரையில்லாத வெள்ளைத் துணியச் சுத்தி ஒரு பொண்ணு கையில குடுக்கறதா? நம்ம வீட்டுல செய்ய மாட்டோம்பா."

அவன் மனைவி தில்லையம்மாள் அடுப்படியிலிருந்து, இவர் கரை போடாமல் கைக்குட்டைகூடக் கொடுக்க மாட்டார், சும்மா விட்டுவிடுங்கள் அண்ணா என்று சிரித்தாள். முனிரத்தினம் விட்டுவிட்டான். வாலின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஓரம் முழுக்க ஜரிகைக் கரை வந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஜரிகை டோப்பைக் குடித்துக்கொண்டே இருந்தது. வீரபத்திரன் நான்கு முறை பூசினான்.

இறக்கையின் அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்பதை முனிரத்தினம் பார்த்துக் குறித்திருந்தான். ஆனால் துணி போர்த்துவதற்கு முன்னால் பார்த்தது. ஆறு வருஷமாக அப்படித்தான். துணி என்ன எடை இருந்துவிடப் போகிறது?

வியாழக்கிழமை சாயங்காலம், புதுப் புரொப்பெல்லர் பொருத்தி முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். வழியில் ரேஷன் கடையில் இருபது கிலோ அரிசி. கேரியரில் வைத்துக் கயிறு கட்டினான். அவசரத்தில் சரியாகக் கட்டவில்லை. ஊரைத் தாண்டியதும் மூட்டை நழுவிப் பின்னால் சாய்ந்தது. முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. ஹேண்டில்பார் கையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு லேசு. கொஞ்சம் திருப்பினால் நிறையத் திரும்பியது. சரிசெய்யப் போனால் அந்தப் பக்கம் ஓடியது. எதிரே லாரி வந்தது. முனிரத்தினம் காலை ஊன்றி, புளியமரத்தடியில் நின்றுவிட்டான்.

மூட்டையை முன்னால் தள்ளவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தான். கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஆய்வகத்தைத் திறந்தான். விமானத்தை எடுத்து, இறக்கையின் அடியில் பழைய குறியில் இரண்டு விரல்களை வைத்தான். வால் பொத்தென்று சாய்ந்தது. விரலை ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் நகர்த்திய பிறகுதான் சமமாக நின்றது. ஒன்றரை சென்டிமீட்டர் என்ன பெரிய தூரம் என்று தோன்றும். ஆனால் வாலின் வேலையே அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

பறக்கும்போது ஒரு காற்று வந்து மூக்கைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கை உடனே காற்றை அதிகமாக அள்ளி, இன்னும் தூக்கப் பார்க்கும். அது தானாக அடங்காது. அதே சமயம் பின்னால் இருக்கும் வாலிறக்கையும் காற்றை அள்ளும். வாலை மேலே தள்ளும். வால் மேலே போனால் மூக்கு கீழே வரும். வால் சின்னதுதான். ஆனால் எடை நிற்கும் இடத்திலிருந்து வெகுதூரத்தில் உட்கார்ந்திருப்பதால், நீளக் கடப்பாறையின் முனையைப் பிடித்து அழுத்துகிறவன்போல அதன் சின்ன பலமே பெரிதாக வேலை செய்யும். கேட்காமலே மூக்கை இடத்துக்குக் கொண்டுவந்து வைக்கும். ஓட்டுகிறவர் ஏற்ற வேண்டுமென்றால் அந்த வாலோடு மல்லுக்கட்டி இழுக்க வேண்டும். கையைத் தளர்த்தினால் பழைய நிலைக்கே வரும். கையில் தெரியும் கனம் அதுதான்.

எடை நிற்கும் இடம் பின்னால் போனால், வாலின் கடப்பாறை கொஞ்சம் குட்டையாகிறது. அதைவிட மோசம், இறக்கையின் தூக்குதல் இப்போது அந்த இடத்துக்கு முன்னால் விழுகிறது. மூக்கைத் தூக்க அதற்கும் ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. வால் தோற்கிறது. கைப்பிடி லேசாகிறது. மூக்கு ஒருமுறை ஏறினால் ஏறிக்கொண்டே போகும். ஓட்டுகிறவர் எதிர்ப்பக்கம் தள்ளித்தான் நிறுத்த வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கை வெட்டுவதுபோலத் தெரியும். வெட்டாத கையால் அதை ஓட்டவே முடியாது.

கரையும் அது குடித்த டோப்பும் சேர்ந்து இருபது கிராம் இருக்கும் என்று கணக்குப் போட்டான். மொத்த விமானமே அறுநூற்றைம்பது கிராம்தான். குறியிலிருந்து வால் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி, மூக்கு பதினைந்து. வாலில் இருக்கும் இருபதைச் சமன்செய்ய மூக்கில் மூன்று மடங்கு, அறுபது கிராம் வேண்டும். தாமல் ஏரியில் வலை வீசுகிறவர்கள் வலையோரம் கட்டும் ஈயக் குண்டுகள் அவனிடம் கொஞ்சம் இருந்தன. மூக்கில் வைத்துக் கட்டினான். விரலை நகர்த்தினான். பழைய குறியில் தராசுமுள்போல நின்றது.

பத்து நிமிஷ வேலை. யாரும் பார்க்கவில்லை.

பசையை எடுக்கப் போன முனிரத்தினம் அங்கேதான் யோசித்தான். இப்படியே ஈயத்தை உள்ளே ஒட்டி மூடிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஸுதர்சன் ஓட்டுவான். விமானம் அழகாகப் பறக்கும். வீரபத்திரனுக்கு மனம் நோகாது. தன் பேரும் கெடாது. ஆனால் அது அழகாகப் பறக்கிற ஒவ்வொரு சுற்றும், ஸிந்துஜாவின் கைதான் கெட்டது என்று ஊருக்குச் சாட்சி சொல்லும். அவளே அதை நம்புவாள். அப்புறம் அவள் கைப்பிடியைத் தொடவே மாட்டாள்.

ஈயத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு முரளீதரனின் அறைக்குப் போனான்.

"சார், அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. தப்பு என்னுது. துணி போத்துனப்புறம் நான் நிறுத்திப் பாக்கல."

முரளீதரன் முழுவதையும் கேட்டார். கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தார், தப்பில்லை. ஆனாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு இவ்வளவு ஆட்டமா என்று அவருக்குச் சமாதானமாகவில்லை. பரிதாபப்பட்டு அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறாயா என்றுகூடக் கேட்டார். அவரும் படிக்கிற காலத்தில் கம்பி விமானம் ஓட்டியவர், பரிசு வாங்கியவர். கடைசியில், நாளைக் காலை நானே ஓட்டிப் பார்க்கிறேன், ஈயம் இல்லாமல், என்றார். மைதானத்தில் சனிக்கிழமை கிரிக்கெட். அதனால் தாமல் ஏரி என்று முடிவாயிற்று. மழை பொய்த்த வருஷம் அது, இரண்டாயிரத்து மூன்று மார்ச். ஏரியில் பாதிக்கு மேல் காய்ந்து, மைதானம்போலக் கிடந்தது.

அடுத்தது வீரபத்திரன். அது இதைவிடக் கஷ்டம்.

சாயங்காலம் போனபோது அவன் தறியிலிருந்து எழுந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தான். "இன்னாடா, மூஞ்சி தொங்கிக்கினு இருக்குது? ரேஷன்ல அரிசி குடுக்கலியா?" என்றான். முனிரத்தினம் சொல்லத் தொடங்கி, சுற்றி வளைத்து, சைக்கிளுக்குப் போய், மூட்டைக்குப் போய், ஒருவழியாகக் கரைக்கு வந்து சேர்ந்தான். வீரபத்திரன் துண்டைத் தோளில் போட்டான்.

"என் கரையா உன் ஏரோப்ளேனக் கவுத்துச்சு?"

"நான் வேணான்னு சொல்லியிருக்கணும். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"உனக்கு இன்னாடா தெரியும் ஜரிகையப் பத்தி. ஒரு முழக் கரைக்கு எவ்ளோ கனம் ஏறும்னு எனக்குத்தான் தெரியும். நீ கேட்டியா? கேக்கல. நானும் சொல்லல." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சு?" என்றான்.

முனிரத்தினம் சொன்னான். வீரபத்திரனின் முகம் மாறியது. அவளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று வைத்த கரை. அவன் உள்ளே போய்விட்டான். தில்லையம்மாள்தான் காப்பி கொண்டுவந்து வைத்தாள். காலையில் எத்தனை மணிக்கு என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

சனிக்கிழமை ஆறரை மணிக்கு ஏரியில் நான்கு பேர். ஸிந்துஜாவை முரளீதரன் வரச் சொல்லியிருந்தார், எதற்கென்று சொல்லவில்லை. அவள் தள்ளி நின்றாள். வீரபத்திரன் சைக்கிளைப் படுக்கவைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

தொட்டியில் கால்வாசி எரிபொருள் போதும் என்றார் முரளீதரன். முனிரத்தினம் விரலால் புரொப்பெல்லரைத் தட்டிவிட்டான். நான்காவது தட்டில் இன்ஜின் பிடித்தது. எரிபொருளின் ஈதர் வாசனை பரவியது. அவர் நடுவில் போய்க் கைப்பிடியை எடுத்துத் தலையசைத்தார். முனிரத்தினம் விட்டான்.

முதல் கால் வட்டம் ஓடியது. தரையைவிட்டு எழும்பியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு தென்னை உயரத்துக்குப் போனது. முரளீதரன் கையைத் தாழ்த்தினார், பருந்துபோல இறங்கியது. தூக்கினார், மேலே பாய்ந்தது. அவர் மணிக்கட்டு மேலும் கீழும் வெட்டி வெட்டி அடித்துக்கொண்டது. பரிசு வாங்கிய மணிக்கட்டு. ஒரு தடவை சக்கரம் தரையை உரசிப் புழுதி கிளம்பியது. முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டான். கால் தொட்டி எரிந்து தீர ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இன்ஜின் நின்றதும் விமானம் இரண்டு முறை குதித்து, சாய்ந்து, உடையாமல் நின்றது.

முரளீதரன் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றவர், ஸிந்துஜாவைக் கூப்பிட்டார்.

"இதை நீ மூணு ஏத்த இறக்கம் தாக்குப்பிடிச்சு நின்னியே, அதுவே பெரிசும்மா. நான் உன் கையைக் குத்தம் சொன்னது தப்பு."

"பரவாயில்லை சார்" என்றாள். ஆனால் பரவாயில்லை என்கிற குரலில் சொல்லவில்லை; கண் நிறைந்துவிட்டது.

முனிரத்தினம் ஈயக் குண்டுகளை மூக்கில் கட்டினான். தொட்டியை நிரப்பினான். இம்முறை கைப்பிடி அவளிடம். விமானம் கொஞ்சம் முக்கி முனகித்தான் எழும்பியது, ஆனால் எழும்பியது. இடுப்பு உயரத்தில் வைத்தாள், அங்கேயே நின்றது. ஏற்றினாள், ஏறி, கையைத் தளர்த்தியதும் தானே சமத்துக்கு வந்தது. பத்துச் சுற்று, இருபது சுற்று. ஒரு குட்டிக்கரணம் போடப் பார்த்தாள். வட்டம் ரொம்பப் பெரிதாகி, தரைக்கு ஒரு முழம் மேலே வந்துதான் நிமிர்ந்தது. அதற்கப்புறம் போடவில்லை.

இறங்கியதும், கனமாயிருக்கிறது என்றாள். அறுபது கிராம் ஈயம். மொத்த எடையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. போட்டியில் குட்டிக்கரணத்துக்குத்தான் மதிப்பெண். கரை இருந்தால் ஈயம் இருக்க வேண்டும்; ஈயம் இருந்தால் கரணம் போட முடியாது. எல்லோரும் வீரபத்திரனைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

அவன் எழுந்து வந்து விமானத்தைக் கையில் எடுத்தான். முனிரத்தினம் செய்ததுபோல இரண்டு விரலில் நிறுத்திப் பார்த்தான்.

"இந்த எடத்துல, விரல் மேல, ஒரு கனம் வச்சா வால் சாயுமா?"

சாயாது என்றான் முனிரத்தினம். விரலுக்கு நேர்மேலே எதை வைத்தாலும் அந்தப் பக்கமும் போகாது, இந்தப் பக்கமும் போகாது. மொத்தக் கனம் கூடும், அவ்வளவுதான். அதுவும் இருபது கிராம் என்றால் இன்ஜின் தாங்கும்.

"அப்போ பொண்ணுக்குக் கரை இருக்கும்," என்று சொல்லி, வீரபத்திரன் மடியிலிருந்து கத்தரியை எடுத்தான். தறியில் இழை நறுக்குகிற சின்னக் கத்தரி. வரும்போதே கொண்டுவந்திருக்கிறான். வாலின் ஓரத்தில் முனையை நுழைத்து, சட்டத்தில் ஒரு கீறல் விழாமல், தான் நாலு பூச்சு டோப் போட்டு ஒட்டியதைத் தானே உரித்தான். முனிரத்தினம் உதவிக்குக் கை நீட்டியபோது, போடா, உனக்கு ஜரிகை தெரியாது என்றான்.

அன்று பிற்பகலுக்குள் வாலுக்கு வெறும் மெல்லிய பட்டு, ஒரே பூச்சு டோப். உரித்த கரை விறைத்துப்போயிருந்தது. வீரபத்திரன் புதிதாக ஒரு துண்டு வெட்டி, இறக்கையின் நடுவில், குறிக்கு நேர்மேலே, உடம்புக்குக் குறுக்காக ஒட்டினான். துணி காய்ந்த பிறகு முனிரத்தினம் விரலில் நிறுத்திப் பார்த்தான். இரண்டு தடவை பார்த்தான். ஈயம் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் பதினாறு கல்லூரிகள். வீரபத்திரனும் கூடவே வந்திருந்தான். காலையில் ஓட்டுகிறவர் பெயரைக் கொடுக்கும் மேஜையில் முரளீதரன் ஸிந்துஜா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நின்ற ஸுதர்சன், எனக்கு வயிறு கலக்கிக்கினு இருந்துச்சு சார், நல்ல வேளை என்றான். அவன் சொன்னது பாதி நிஜம்.

அவள் முறை பதினோராவது. காற்று கொஞ்சம் அடித்தது. முனிரத்தினம் மண்டியிட்டு வாலருகே பிடித்துக்கொண்டிருந்தான். அவள் தலையசைத்ததும் விட்டான். தலைகீழாக ஆறு சுற்று, மூன்று குட்டிக்கரணம், ஒன்றுகூடக் கோணவில்லை. மேலே போகும்போது காற்று மூக்கைத் தட்டுவதும் அது தானாக அமைவதும் தரையிலிருந்தே தெரிந்தது. அவள் மணிக்கட்டு கிட்டத்தட்ட அசையவே இல்லை. சாயங்காலம் பட்டியலில் ஐந்தாவது இடம். முதல் மூன்றுக்குத்தான் கோப்பை. அடுத்த வருஷத்துக்கு யார் ஓட்டுவது என்று திரும்பி வரும் பேருந்தில் யாரும் கேட்கவில்லை. கேட்க அவசியம் இருக்கவில்லை.

அவள் ஓட்டி முடித்துக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, முனிரத்தினம் வீரபத்திரனைத் தேடினான். உட்கார்ந்திருந்த நிழலில் ஆள் இல்லை. வேறொரு கல்லூரிக் கூடாரத்தில், முறைக்குக் காத்திருந்த யாரோ ஒருவரின் விமானத்தை வாங்கி இரண்டு விரலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, "வால் கனம்பா உன்னுது. எவன் போத்துனான் இத?" என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.